சத்தியமா கடைசி நீலம்

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்த மாமா, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருட்டில் ஓர் உருவம் நிற்பதைப் பார்த்துக் கத்தப் போனார். கத்தினால் பிள்ளை எழுந்துவிடும். பிள்ளை எழுந்தால் அக்கா எழுந்துவிடுவாள். அதனால் வந்த கத்தலைப் பாதியில் விழுங்கி, "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் மாமா," என்றது உருவம்.

"மிளகா? அறிவிருக்கா உனக்கு? நடுராத்திரியில மனுஷனை இப்படியா பயமுறுத்துவ? லைட்டைப் போட்டுட்டு நின்னா என்ன குறைஞ்சு போவ?"

"லைட்டைப் போட்டா மூஞ்சி தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

"அழுதிருக்கேன்."

மாமா நடையை நிறுத்தினார். நிறுத்தியதும் தோளிலிருந்து ஒரு முனகல் வந்தது. மறுபடி நடக்க ஆரம்பித்தார். நாலு மாதப் பிள்ளைக்கு அந்த வீட்டில் முதலாளி என்று பெயர். வீட்டிலிருக்கிற மூன்று பேரும் அவனிடம்தான் வேலை பார்த்தார்கள். லீவு கிடையாது, பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மிளகு, மாமாவின் மனைவியான அக்காவின் ஒரே தங்கை. பதினொன்றாம் வகுப்பு. ஆள் சின்னது, பேச்சில் காரம் அதிகம், அதனால் அந்தப் பெயர். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து இங்கேதான் ஜாகை. எதற்கும் சட்டென்று அழுகிற ரகமில்லை.

"என்னாச்சு? ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"மார்க்கா?"

"அதெல்லாம் எப்பவும் உள்ளதுதானே மாமா. ஒண்ணு சொல்லுவேன். அக்காகிட்ட சொல்லக் கூடாது."

"முதலாளி மேல சத்தியம்."

மிளகு மூக்கை உறிஞ்சினாள். "பல் டாக்டர் படத்தை நான் கெடுத்துட்டேன். கெடுத்து அனுப்பியும் வெச்சுட்டேன்."

மாமா ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். அவருக்கு உட்காரத் தடை; உட்கார்ந்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். மிளகை உட்காரச் சொன்னார்.

பல் டாக்டர் படம் என்னவென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா சொந்தமாக வீடியோ எடுத்துக் கொடுக்கிறவள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் கேமராவைக் கையில் தொட்ட முதல் வேலை அது. டாக்டர் புதிதாகப் பெரிய இடத்தில் கிளினிக் திறக்கிறார். விடிந்தால் திறப்பு. வரவேற்பறையில் ஒரு சுவர் அகலத்துக்கு டிவி. அதில் அக்கா எடுத்த படம் நாள் பூராவும் ஓடும், கடைசியில் அவள் பெயரோடு. இத்தனை மாதம் தொழிலை விட்டிருந்தவளுக்கு அது சும்மா ஒரு படம் இல்லை. "நான் இன்னும் இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியணும்டி," என்று மிளகிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

படம் எடுத்து, வெட்டி ஒட்டி முடித்தபோது அக்காவுக்குக் கண் திறக்கவே தெம்பில்லை. நிறம் சரிசெய்கிற வேலை மட்டும் பாக்கி. "நான் பண்றேன்" என்று மிளகு மார் தட்டினாள். ஒரு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரை நோண்டி நோண்டி அவளே கற்றுக்கொண்டிருந்தாள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டணும்."

"காட்டலையா?" என்றார் மாமா.

"காட்டத்தான் போனேன். அக்கா வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டு இருந்தா. ஒரு கால் கட்டிலுக்கு வெளியில தொங்குது. எழுப்ப மனசு வரல மாமா. சூப்பராத்தானே இருக்குன்னு அனுப்பிட்டேன். அப்புறம் படுத்துட்டு ஃபோன்ல போட்டுப் பார்த்தேன்."

ஃபோனை நீட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் நீலம். கை நீலம். பக்கத்திலிருந்த நர்ஸ் அதைவிட நீலம். பல் மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்தது.

மாமா நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது தண்ணிக்குள்ள இருந்து வெளிய எடுத்த ஆளு. நான் எவ்வளவு நேரமாச்சுன்னு கூடச் சொல்லிடுவேன்."

"மாமா!"

"சரி சரி. கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கு?"

"அதுதான் மாமா எனக்குப் பயமா இருக்கு. வந்து பாருங்க."

கம்ப்யூட்டர் பின்னறையில் இருந்தது. முதலாளியின் பகல் தூக்கத்துக்கும் ராத்திரியின் முதல் தூக்கத்துக்கும் அதே அறைதான். திரையில் டாக்டர் நல்ல ஆரோக்கியமாக, ரத்த ஓட்டத்தோடு சிரித்தார். பல் வெள்ளை, சட்டை வெள்ளை, நர்ஸின் கன்னம் ரோஜாப்பூ.

"இங்க உயிரோட இருக்காரே!"

"இங்க உயிரோட இருக்காரு, ஃபோன்ல போயிட்டாரு. ஒரே படம். உங்க ஃபோனைக் குடுங்க."

மாமாவின் ஃபோனிலும் டாக்டர் போய்ச் சேர்ந்திருந்தார்.

மிளகு இரண்டு ஃபோனையும் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "ரெண்டு ஃபோன் ஒண்ணு சொல்லுது, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது. எதை நம்புறது? எனக்குக் கண்ணுலதான் ஏதோன்னு தேடிப் பார்த்தேன் மாமா. எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சா என்னென்ன வியாதின்னு போட்டிருக்கான். ஆறு வியாதி. அதுல நாலு எனக்கு இருக்கு."

"உனக்கு எங்க மஞ்சளாத் தெரிஞ்சுது?"

அப்போதுதான் அவள் முழுக் கதையையும் கொட்டினாள்.

வேலை இதுதான். அக்கா இரண்டு கேமராவில் எடுத்திருந்தாள். ஒன்றில் டாக்டரின் சட்டை வெள்ளை, மற்றதில் அதே சட்டை லேசான பச்சை. ஜன்னலோரம் உட்கார்ந்த நோயாளி ஒரு நிறம், விளக்குக்கு அடியில் உட்கார்ந்தவர் வேறு நிறம். ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாகச் சரிக்கட்டி, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே பொழுதில் நடந்த மாதிரி கொண்டுவர வேண்டும். அதை மிளகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே முடித்துவிட்டாள். முடித்தபோது படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதற்கு மேலே போடுவதுதான் லேயர். கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றை எல்லா ஷாட்டுக்கும் மேலே விரித்துவிடலாம். அதில் படம் எதுவும் கிடையாது. ஆனால் அதில் துளி நிறம் சேர்த்தால் அடியிலிருக்கிற அத்தனை ஷாட்டிலும் அது இறங்கும். அந்தத் தாளுக்கு மேல் இன்னொரு தாள், அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வேண்டாமென்றால் பக்கத்திலிருக்கிற சின்னக் கண் அடையாளத்தைத் தட்டினால் அந்தத் தாள் மறைந்துவிடும்.

திங்கட்கிழமை ராத்திரி, பள்ளிக்கூடப் பாடம் முடிந்து வந்து திறந்து பார்த்தால் படம் மஞ்சளடித்தது. பல் டாக்டர் விளம்பரத்தில் பல் மஞ்சளாக இருப்பது, சலூன்காரர் தலை சீவாமல் நிற்பது மாதிரி. நேற்றுத் தவறாகப் பார்த்துவிட்டோம்போல என்று நினைத்து, மேலே ஒரு லேயர் போட்டுக் கொஞ்சம் நீலம் ஏற்றி, பார்த்துப் பார்த்துக் கண் பழகியதும் போதும் என்று நிறுத்தினாள். மறுநாள் ராத்திரி வந்தால் மறுபடி மஞ்சள். இன்னும் இரண்டு லேயர். அதற்கடுத்த ராத்திரி இன்னும் இரண்டு. லேயருக்கெல்லாம் அவளே பெயரும் வைத்திருந்தாள். மாமா திரையில் வாசித்தார்.

"நீலம். இன்னும் நீலம். இன்னும் கொஞ்சூண்டு. போதும் நீலம். இது என்னது, சத்தியமா கடைசி நீலம்?"

"அது நேத்து."

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கே. மன்னிச்சுக்கோ நீலம்."

"அது இன்னைக்கு," என்றாள் மிளகு, காது வரைக்கும் சிவந்து.

மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோளில் முதலாளி இருந்ததால் வயிறு மட்டும் குலுங்கியது.

"இதையெல்லாம் எடுத்துட்டா என்ன ஆகும்?"

மிளகு கண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் டாக்டர் பழுத்தார். கடைசி நீலம் போனதும் மஞ்சள்காமாலை முற்றிய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, போடு போடு. அப்படியே இருக்கட்டும்."

"அதான் மாமா. எடுத்தா இங்க காமாலை, போட்டா அங்க சவம். நான் எதைச் சரிபண்றது? டாக்டருக்கு ஃபைல் போயாச்சு. காலையில பத்து மணிக்குக் கிளினிக் திறந்ததும் அந்தச் சுவரு பூரா... அக்கா பேரோட..." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் எனக்குத் தாங்காது. திட்டினாக் கூடப் பரவால்ல. பேசாம 'சரி விடு'ன்னுட்டு மறுபடி கேமராவைப் பெட்டிக்குள்ள வெச்சிடுவா."

மாமா இந்த முறை வேடிக்கை பேசவில்லை. முதலாளியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"எழுப்பிச் சொல்லிடலாமா?"

"வேண்டாம் மாமா. இப்பத்தான் தூங்குறா."

"சரி. அவ எழுந்ததும் நானே சொல்றேன். உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. போய்ப் படு."

அவள் படுக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து கண்களைத் தட்டித் தட்டித் திறந்தாள், மூடினாள். டாக்டர் பழுத்தார், தேறினார், மறுபடி பழுத்தார். எப்போது மேசையில் தலை சாய்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே குருவிச் சத்தம். மாமா அதே அறையில், சுவரில் சாய்ந்து நின்றபடி அரைத்தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் அவர் தோளில் முழுசாக விழித்துக்கொண்டு திரையை வேடிக்கை பார்த்தான். அத்தனை நீலத்தோடும் ஆரோக்கியமாக டாக்டர் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிளகு கண்ணைக் கசக்கினாள்.

டாக்டரின் கன்னத்திலிருந்த ரத்தம் மெல்ல இறங்கியது. அவள் எதையும் தொடவில்லை. கை மடியில் இருந்தது. நெற்றி வெளுத்தது. உதடு ஊதாவானது. நர்ஸின் ரோஜாக் கன்னம் வாடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பாரித்து, சிரித்த முகம் மாறாமல் போய்ச் சேர்ந்தார்.

"மாமா! டாக்டருக்கு உயிர் போகுது! என் கண்ணு போச்சு மாமா!"

அந்த அலறலில் முதலாளி வீறிட்டான். மாமா சுவரில் தலையை இடித்துக்கொண்டார். அடுத்த அறையிலிருந்து ஏதோ உருண்டு விழும் சத்தம், பின்னாலேயே தலைமுடி நாலாபக்கமும் பறக்க அக்கா.

"என்ன? யாருக்கு என்ன?"

மாமா திரையைப் பார்த்தார். திரையின் மூலையிலிருந்த மணியைப் பார்த்தார். ஆறு. அவர் முகத்தில் என்னென்னவோ ஓடி, கடைசியில் அசடு வழிந்தது.

"அடக் கடவுளே," என்றார். "நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"முதலாளி இந்த ரூம்ல தூங்குறானா... ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணுல குத்துதேன்னு, போன மாசம் அதுல ஒண்ணைத் தட்டி வெச்சேன். சாயங்காலம் ஏழு மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் ஸ்கிரீன் தானாவே மஞ்சளாகிடும். கண்ணுக்கு இதம்னு போட்டிருந்தான். அப்புறம் சுத்தமா மறந்துட்டேன்."



மிளகு திரையைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சளானது டாக்டர் இல்லை. அவள் கண்ணும் இல்லை. திரையே மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது, அவளும் ராத்திரி ராத்திரி அதோடு மல்லுக்கட்டி நீலத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்ததுதான் நிஜம்.

"அப்ப எனக்கு அந்த நாலு வியாதி இல்லையா?"

"எந்த நாலு?" என்றாள் அக்கா. பிறகு திரையைப் பார்த்தாள். நீல டாக்டரைப் பார்த்தாள். லேயர் பெயர்களைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் படித்தாள். 'மன்னிச்சுக்கோ நீலம்' வரைக்கும்தான் தாங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து முதலாளி அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"சிரிக்காத அக்கா. அனுப்பிட்டேன்."

சிரிப்பு நின்றது. "இதையா?"

"ராத்திரியே. உங்கிட்ட காட்டாம."

"ஏண்டி? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"உன்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. எத்தனை நாள் கழிச்சு அப்படித் தூங்கின."

அக்கா தரையிலிருந்தபடியே தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. கன்னத்தில் விசைப்பலகையின் எழுத்துக் கட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"இனிமே நான் செத்த மாதிரி தூங்கினாலும் எழுப்பணும். புரிஞ்சுதா?"

"ம்."

"நகரு. எந்திரி. இல்ல, நீயே உட்காரு. ஒவ்வொண்ணா எடு, பார்ப்போம். ஏங்க, நீங்க அவனைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. போறதுக்கு முன்னாடி இந்தப் பொட்டியில வேற எதையாவது தட்டி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"சத்தியமா கடைசி," என்றார் மாமா.

ஜன்னல் திரையை முழுசாக விலக்கினார்கள். மிளகு கண்களைத் தட்டினாள். மன்னிச்சுக்கோ போனது. சத்தியமா கடைசி போனது. ஒவ்வொரு நீலமாக இறங்க இறங்க டாக்டர் கரையேறினார். கடைசியில் திரையில் வந்தவர் மாநிறமாக, நெற்றியில் லேசான வியர்வையோடு, நேரில் பார்ப்பது போலவே இருந்தார். இரண்டு கேமராவில் எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா ஓட்டிப் பார்த்தாள். மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையே முடிச்சிட்டியா இதை?"

"ம்."

"இந்தப் பச்சைச் சட்டையை எப்படிடி சரிக்கட்டின? நான் ரெண்டு நாள் உட்கார்ந்திருப்பேன்."

மிளகு நகத்தைக் கடித்தாள். அடுக்கில் இன்னும் ஒரு லேயர் மட்டும் பாக்கி இருந்தது. பெயர்: சும்மா.

"இது என்னது?"

"அது ஒண்ணுமில்ல. எடுத்துடறேன்."

"இரு."

அக்காவே அந்தக் கண்ணை மூடித் திறந்தாள். புதுப் பல்செட் கட்டிய தாத்தா ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிற ஷாட். சிரித்துக்கொண்டே இருப்பார், சட்டென்று பழைய பழக்கத்தில் கை வாயை மூடப் போகும், இப்போதுதான் பல் இருக்கிறதே என்று ஞாபகம் வந்து, கை பாதியில் நின்று கீழே இறங்கும். மிளகு அந்த ஒரு ஷாட்டுக்கு மேல் மட்டும் தாளை விரித்து, சுற்றியிருந்த நாற்காலி, மேசை, சுவர் எல்லாவற்றையும் நூலளவு மங்கலாக்கியிருந்தாள். மங்கியது தெரியாது. ஆனால் கண் நேராகப் போய் அந்தக் கையில் விழும்.

"இதை வை," என்றாள் அக்கா. தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காத குட்டு.

புது ஃபைல் தயாராகி, ஊர்ந்து ஊர்ந்து டாக்டருக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் அக்காவின் ஃபோன் அடித்தது. டாக்டர்தான். அக்கா ஃபோனைத் தங்கையிடம் நீட்டினாள்.

"நானா? நீ பேசு அக்கா!"

"லேயர் போட்டது யாரு? அவங்கதான் பேசணும்."

மிளகு ஃபோனை வாங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஹலோ, குட் மார்னிங்மா," என்றது குரல். "டிவியில போட்டுப் பார்த்தேன். படம் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். நான் ஏன் நீலமா இருக்கேன்?"

"டாக்டர்... அது வந்து..." மிளகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸ்கிரீன், மஞ்சள், லேயர், கைக்குழந்தை, மாமா. "தப்பு என்னோடது டாக்டர். அக்கா பார்க்கவே இல்ல. இப்ப சரியானது அனுப்பியிருக்கேன். அதைப் போட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் பட்டன் தட்டுகிற சத்தம். பிறகு படத்தின் இசை தூரத்தில் கேட்டது. ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. மாமா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ம்... இதுல நான் நானா இருக்கேன்," என்றார் டாக்டர். "ஆனா என் வீட்டுக்காரம்மா ஒண்ணு கேக்குறாங்க. முதல்ல வந்ததுல பல்லு சும்மா பளபளன்னு மின்னுச்சாம். அந்தப் பல்லை மட்டும் அப்படியே வெச்சுக்க முடியாதா?"

மிளகு அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தை எங்கோ வைத்துக்கொண்டாள். பதில் இவளே சொல்ல வேண்டும்.

"முடியும் டாக்டர். பல்லுக்கு மட்டும் தனியா ஒரு லேயர் போட்டா போதும். ஆனா அதைப் பார்த்துட்டு யாராவது வந்து, 'எனக்கும் அதே வெள்ளை வேணும்'னு வாயைத் திறந்தா உங்களால குடுக்க முடியுமா? அந்த வெள்ளை யாரு வாயிலயும் கிடையாது டாக்டர். அது எங்க மாமாவோடது."

ஸ்பீக்கர் அதிர்ந்தது. பல் டாக்டர்கள் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பார்கள் என்று மிளகு நினைத்ததில்லை.

"வேண்டாம்மா வேண்டாம். எனக்கு வர்றவங்களைச் சமாளிக்கவே நேரமில்ல. இதுவே ஓடட்டும். அந்தத் தாத்தா கையை இறக்குற இடம் இருக்கே, ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு அதை மூணு தடவை போட்டுப் பார்த்துட்டா. அக்காகிட்ட சொல்லு, என் தம்பி கண் டாக்டர், அவனும் ஒண்ணு எடுக்கணும்னான். அவங்க நம்பரை அவன்கிட்ட குடுத்திருக்கேன்."

ஃபோனை வைத்ததும் மிளகு நாற்காலியில் அப்படியே சரிந்தாள். அக்கா அவளைத் தூக்கி நிறுத்தி, தன் கட்டிலில் தள்ளி, போர்வையை இழுத்து மூடினாள். பள்ளிக்கூடத்துக்கு இன்று உடம்பு சரியில்லை. என்ன வியாதி என்று கேட்டால் ஆறில் ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் அக்கா கேமராவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் இல்லை, பையில். மிளகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ நோண்டினாள். மாமா முதலாளியோடு வந்து, குற்றவாளி மாதிரி மௌஸில் கை வைத்தார்.

"அந்த மஞ்சள் கழுதையை அணைச்சிடறேன்."

"இருக்கட்டும் மாமா," என்றாள் மிளகு. "அணைக்க வேண்டாம்."

மணி ஏழானது. திரை மெல்ல மஞ்சளடித்தது. மிளகு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, முதலாளியை மாமாவின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கடை மூடியாச்சு," என்றாள் அவன் காதில். "வீட்டுக்குப் போங்க முதலாளி."